ஒளி உடைக்கிறது, சூடு என்ன செய்கிறது?

சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது மாட்டர்ஹார்ன் சிகரத்தை. கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் ஊரின் பழைய பகுதியில் வேறொன்றும் தெரியும். எலி ஏறாமலிருக்கத் தட்டையான வட்டக் கற்களின்மேல் தூக்கி நிறுத்திய தானியக் கிடங்குகள், அவற்றை ஒட்டிப் பழைய வீடுகள். எல்லாம் லார்ச் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனவை. தலைமுறை தலைமுறையாக வெட்டவெளியில் நிற்பவை. வெயில் நன்றாக விழுந்து, இறவாரம் மழையைத் தடுத்துவிடும் சுவர்கள் கரும்பழுப்பாக இருக்கின்றன. சில இடங்களில் கறுப்பே. இங்கே எப்போதாவது தீப்பிடித்ததா என்று கேட்கத் தோன்றும். சாரலும் பனியும் நனைக்கும் பலகைகளோ வெள்ளிபோல வெளிறிய சாம்பல் நிறம். செர்மாட் இருக்கும் வாலே மாநிலத்தின் பழைய மரவீடுகளில் இந்த இரண்டு நிறங்களையும் ஒரே கட்டடத்தில் பார்க்கலாம்.

அந்தக் கரும்பழுப்பை வெயில் சுட்ட நிறம் என்று சொல்வது வழக்கம். உண்மையில் சுட்டதா? மரம் கருக வேண்டுமானால் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். நல்ல வெயிலில் கருநிறப் பலகையின் முகம் 60, 70 டிகிரி வரை ஏறும். அதற்குமேல் போவது அபூர்வம். ஆக, சூடு மட்டும் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. அப்படியானால் சூட்டுக்கு இதில் பங்கே இல்லையா? அதுவும் சரியில்லை. ஒரே ஒளியில் ஒரு பலகையைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிராகவும் வைத்தால் சூடானதுதான் அதிகம் மாறுகிறது. வெயிலில் நிற்கும் மரத்துக்கு ஒளியும் சூடும் ஒன்றாகவே வந்துசேர்வதால், எது எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது ஆய்வுக்கூடத்திலேயே லேசான காரியமல்ல.

முதலில் ஆற்றல் கணக்கு. தரைக்கு வந்துசேரும் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி அகச்சிவப்பு; மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளி; புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம். மரத்தைச் சூடேற்றுவதில் இந்த 5 சதவீதத்துக்குப் பெரிய இடமில்லை. உடைக்கும் வேலையில் முதலிடம் அதற்குத்தான். 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாவின் ஃபோட்டான்கள் ஒரு மோலுக்கு 399 கிலோஜூல் ஆற்றலைக் கொண்டுவருகின்றன. 400 நானோமீட்டர் ஊதா ஒளியில் அது 299. 1000 நானோமீட்டர் அகச்சிவப்பில் வெறும் 120. மரத்தின் உடம்பைக் கட்டிவைத்திருக்கும் கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்கச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். அதைவிட நலிந்த பிணைப்புகளும் மரத்தில் உண்டு.

இதே அளவுகோலில் சூட்டை வைத்துப் பார்க்கலாம். 27 டிகிரியில் மூலக்கூறுகளின் அசைவில் புரளும் ஆற்றல் மோலுக்கு 2.5 கிலோஜூல். பலகை 80 டிகிரிக்குப் போனால் அது 2.9. கை வைக்க முடியாத அளவுக்குப் பலகை கொதித்தும் கூடியது அரைக் கிலோஜூல்கூட இல்லை. ஒரே ஒரு ஃபோட்டான் கொண்டுவரும் ஆற்றலுக்கு முன்னால் இது தூசு. சூடு எவ்வளவு ஏறினாலும் முதல் அடியை அடிப்பது ஒளிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

ஆனால் ஒளி மேலே விழுந்தால் மட்டும் போதாது; பொருள் அதை உள்வாங்க வேண்டும். உள்வாங்கப்படாத ஒளியால் வேதிமாற்றம் நடக்காது என்று 1817-லேயே கிரோத்துஸ் சொல்லிவிட்டார். மரத்தில் ஒளியை வாங்குவது யார்? மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி செல்லுலோஸ், கால்பங்கு அரைச்செல்லுலோஸ், மீதியில் பெரும்பகுதி லிக்னின். செல்லுலோஸ் நார்கள் கம்பிகள் என்றால் அவற்றின் நடுவே ஊற்றிய காங்கிரீட் லிக்னின். பஞ்சில் லிக்னின் கிட்டத்தட்ட இல்லை, அதனால் வெள்ளை. மரத்தில் உண்டு, அதனால் நிறம். லிக்னினில் பென்சீன் வளையங்கள் நிறைய இருப்பதால் மரம் வாங்கும் புற ஊதாவில் எண்பது சதவீதத்துக்கு மேல் அதன் கணக்கில் போய்விடுகிறது. அடியும் அதற்கே முதலில் விழுகிறது. ஒரு மர உயிரணுவையும் பக்கத்து உயிரணுவையும் ஒட்டிவைக்கும் இடை அடுக்கில்தான் லிக்னின் மிகச் செறிவாக இருக்கிறது. ஆகவே லிக்னின் போனால் நார்கள் ஒன்றையொன்று விடுகின்றன. பல வருடம் வெயிலில் கிடந்த பலகையை விரலால் தேய்த்தால் பஞ்சுபோல இழை வருவது இதனால்தான்.

இதெல்லாம் மிக மெல்லிய தோலில் நடக்கும் சங்கதி. டேவிட் ஹான், கேசா இஃப்யூ இருவரும் 1978-இல் வெளியிட்ட அளவுப்படி புற ஊதா மரத்துக்குள் சுமார் 75 மைக்ரான் ஆழமே போகிறது; கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 200 மைக்ரான். ஒன்றிரண்டு மயிரிழைகளின் தடிமன்தான். பின்னால் ஜப்பானிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள், ஊதா நிற ஒளி புற ஊதா எட்டாத ஆழத்திலும் லிக்னினைக் கெடுக்கிறது என்று காட்டின. புற ஊதாவை மட்டும் தடுத்தால் போதும் என்று பூச்சு விற்பவர்களுக்கு இது கசப்பான செய்தி.

இனிச் சூட்டைத் தனியாகப் பிரித்தெடுக்கலாம். சூடே இல்லாத இடத்தில் ஒளியை விட்டுப் பார்ப்பது அதற்கு ஒரு வழி. திரவ நைட்ரஜனின் வெப்பநிலை −196 டிகிரி. செல்லுலோஸையும் மரத்தையும் அந்தக் குளிரில் வைத்து அவற்றின்மேல் புற ஊதாவைப் பாய்ச்சிய சோதனைகளை ஹான் 1970-களில் செய்தார். ஒளி ஒரு பிணைப்பை அறுக்கும்போது அறுந்த முனைகளில் இணை இழந்த எலெக்ட்ரான் மிஞ்சும். இப்படிப்பட்ட துண்டுகளுக்குத் தனி உறுப்புகள் என்று பெயர். காந்தப்புலத்தில் வைத்து நுண்ணலை பாய்ச்சினால் அவற்றின் இருப்பைக் கருவி காட்டிவிடும். −196 டிகிரியிலும் அவை தோன்றின. ஒளிக்குக் குளிர் ஒரு தடையே இல்லை.

குளிரை எடுத்தபோதுதான் கதை சுவாரசியமானது. மரம் மெல்ல மெல்லச் சூடாக, உறைந்து கிடந்த தனி உறுப்புகள் குறையத் தொடங்கின. அவை காணாமல் போகவில்லை, வேலையில் இறங்கிவிட்டன. சில அறுந்த இடத்திலேயே மீண்டும் ஒட்டிக்கொண்டன. சில பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கின. காற்று இருந்தால் ஆக்சிஜன் வந்து ஒட்டிப் புதுவகைத் தனி உறுப்புகள் பிறந்தன. நான் படித்த வரையில் இந்தக் கேள்வியின் விடை முழுவதும் இந்த ஒரு சோதனைக்குள் இருக்கிறது: அறுப்பதற்குச் சூடு தேவையில்லை, அறுந்தது எங்கே போகும், எதைப் பற்றும், எத்தனை பேரைக் கெடுக்கும் என்பதைச் சூடு தீர்மானிக்கிறது.

எந்த அளவுக்கு என்று எண்ணில் சொல்ல முடியுமா? ஸ்வாண்டே அரீனியஸ் 1889-இல் அமிலத்தில் கரும்புச் சர்க்கரை பிளவுபடும் வேகத்தை ஆராய்ந்தபோது, ஒரு வினை நடக்க மூலக்கூறுகள் ஏறித் தாண்ட வேண்டிய மேடு ஒன்று இருக்கிறது என்று கண்டார். அதற்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். மேடு உயரமானால் வெப்பநிலை சற்றே கூடினாலும் வேகம் எகிறும். மேடு தாழ்வானால் வெப்பநிலையைப் பற்றி அந்த வினைக்கு அவ்வளவு கவலையில்லை. இருட்டில், சூட்டால் மட்டும் காகிதமும் மரமும் முதுமையடையும் வினைகளுக்குக் கிளர்வு ஆற்றல் 100 கிலோஜூல் வாக்கில் இருக்கிறது. 25 டிகிரியிலிருந்து 35-க்குப் போனால் வேகம் 3.7 மடங்கு. ஒளி தொடங்கிவைக்கும் சிதைவில் மேட்டைத் தாண்டும் வேலையை ஃபோட்டானே முடித்துவிடுவதால் மிச்சமிருப்பது சிறு மேடு. 20 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால் அதே 10 டிகிரிக்கு 1.3 மடங்குதான். 30-லிருந்து 80 டிகிரி வரை ஒரேயடியாக ஏற்றினால் 20 கிலோஜூல் வினை மூன்று மடங்கு வேகமாகும்; 100 கிலோஜூல் வினை 270 மடங்குக்கு மேல்.

இந்தக் கணக்கை அறிந்தோ அறியாமலோ அருங்காட்சியகக்காரர்கள் பின்பற்றுகிறார்கள். கிடங்கில் இருட்டில் கிடக்கும் ஆவணத்துக்குக் குளிரூட்டி வைத்தால் ஆயுள் பல மடங்கு கூடும். காட்சிக்கு வைத்து விளக்குப் போட்ட பொருளுக்குக் குளிரூட்டி பெரிதாக உதவாது. விளக்கைத்தான் குறைக்க வேண்டும். நுட்பமான பொருள்களுக்கு 50 லக்ஸ் போதும் என்று கேரி தாம்சன் 1978-இல் வந்த தம் நூலில் வலியுறுத்தியது இதற்காகத்தான். மரத்தை அரைத்த கூழால் செய்த செய்தித்தாளிலும் லிக்னின் உண்டு. கட்டின் நடுவே இருக்கும் தாள் ஆறு மாதத்தில் அவ்வளவாக மாறுவதில்லை. ஜன்னலோரம் கிடந்த தாள் ஒரு வாரத்தில் மஞ்சள். இரண்டும் அதே அறையில், அதே சூட்டில் இருந்தவை.

ஆனால் 1.3 என்பதைச் சின்ன எண் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மரத்தை ஒளியில் வைத்து ஆராய்கிறவர்களில் பலர் சூட்டைச் சரியாகக் கணக்கில் எடுக்காமல் விட்டதுண்டு. ஹங்கேரியில் ஆஸ்திரிய எல்லையருகே இருக்கும் சொப்ரொன் நகரப் பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ டொல்வாயும் அவருடைய குழுவினரும் இந்த இடைவெளியைக் கையில் எடுத்தார்கள். சூட்டில் மரம் வேகமாகக் கெடும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஏன், எப்படி என்பதற்கான அளவீடுகள்தான் குறைவாக இருந்தன. பாதரச விளக்கின் புற ஊதாவை மரத்துண்டுகளின்மேல் வெவ்வேறு வெப்பநிலைகளில் பாய்ச்சினார்கள். இப்படிப்பட்ட சோதனையில் உயிர்நாடியான விஷயம், அதே சூட்டில் இருட்டில் வைத்த இன்னொரு தொகுதி. அதில் வரும் மாற்றத்தைக் கழித்தால்தான் ஒளியும் சூடும் சேர்ந்து செய்தது என்ன என்று தெரியும். விளக்கே மரத்தைச் சூடாக்கும் என்பதால் வெப்பநிலையை ஒரே நிலையில் பிடித்து வைப்பதும் ஒரு பாடு.

மாற்றத்தை அகச்சிவப்பு நிறமாலையில் படிக்கிறார்கள். லிக்னினின் பென்சீன் வளையங்களுக்கு 1510 என்ற அலை எண்ணை ஒட்டி ஒரு முகடு உண்டு. லிக்னின் சிதையச் சிதைய அது தேயும். கூடவே 1700-ஐ ஒட்டிய பகுதியில் கார்போனைல் தொகுதிகளின் முகடு வளரும். ஆக்சிஜன் ஏறியதற்கான தடயம் அது. சூடு கூடினால் இந்த இரண்டும் பெரிதாகின்றன. நிறத்திலும் அப்படியே: மஞ்சளாவதும் கருப்பதும் கூடுகின்றன. ஒளி மட்டும் செய்ததையும் சூடு மட்டும் செய்ததையும் தனித்தனியே கூட்டினால் வரும் தொகையைவிட இரண்டும் ஒன்றாகச் செய்வது அதிகம்.

கூட்டுத்தொகையைவிட ஏன் அதிகம்? இதற்கான விடை ஆக்சிஜனைச் சுற்றி இருக்கிறது. தனி உறுப்பு ஒன்று ஆக்சிஜனைப் பிடித்து, பக்கத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் பறித்தால் ஹைட்ரோபெராக்சைடு உண்டாகிறது. அதற்குள்ளே இருக்கும் ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு, கார்பன்-கார்பன் பிணைப்பில் பாதி வலுவுள்ளது. குளிரில் அது சும்மா கிடக்கும். சூடு ஏறினால் உடையும். உடையும்போது ஒன்றுக்கு இரண்டாகத் தனி உறுப்புகளை விட்டுவிட்டுப் போகும். அந்த இரண்டும் மறுபடி பக்கத்தில் ஹைட்ரஜன் தேடும். ஒளி ஓர் அடி அடித்த இடத்தில் சூடு அதைப் பல அடிகளாகப் பெருக்குகிறது. இருட்டில் வைத்த பலகையில் பெருக்குவதற்கு எதுவும் இல்லை. அதனால் அங்கே சூட்டுக்கு இந்தப் பெருக்கும் வேலை கிடைப்பதில்லை.

இன்னொன்று அசைவு. இறுகிய பொருளுக்குள் அறுந்த முனைகள் விலகிப் போக முடியாது. அங்கேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். சூடு ஏறினால் சங்கிலிகள் நெளிகின்றன, ஆக்சிஜன் உள்ளே ஊடுருவுவது எளிதாகிறது, அறுந்தது அறுந்ததாகவே போகிறது. லிக்னின் இளகும் வெப்பநிலை நீரைப் பொறுத்தது. உலர்ந்த லிக்னின் 130 டிகிரிக்கு மேலேதான் இளகும். நன்றாக நனைந்த மரத்தில் அது 100-க்குக் கீழே, 60, 70 வரைகூட இறங்கிவிடும். நனைந்த பலகை வெயிலில் அந்த அளவு சூடாவதற்குள் நீரை இழந்துவிடும் என்பதால் வெளிச்சுவரில் லிக்னின் முழுசாக இளகும் தருணம் அரிது. காய்ந்து முடியும் வரையிலான இடைவெளியில், ஈரமும் சூடும் ஒளியும் மூன்றும் ஒன்றாக இருக்கும் கொஞ்ச நேரத்தில்தான் மரம் மிக மென்மையான நிலையில் மாட்டிக்கொள்கிறது. கோடைமழை பெய்து ஓய்ந்ததும் வெயில் அடிக்குமே, அந்த நேரம்.

நீர் என்று வந்தபிறகு செர்மாட் சுவர்களின் இரண்டு நிறங்களையும் விளக்கிவிடலாம். ஒளி லிக்னினைச் சிறு துண்டுகளாக்குகிறது. அந்தத் துண்டுகள் பழுப்பு நிறமுடையவை. பெரும்பாலும் நீரில் கரைபவை. மழை படாத, காய்ந்த சுவரில் அவை விளைந்த இடத்திலேயே தங்கிப் பழுப்பின்மேல் பழுப்பாக ஏறுகின்றன. கருத்த சுவர் இன்னும் அதிக வெயிலை வாங்கி இன்னும் சூடாகும். சூடானால் வினை இன்னும் வேகமாகும். பலகை தன் சூட்டைத் தானே வளர்த்துக்கொள்கிறது. காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும் பனிக்கால நண்பகலிலும் கருஞ்சுவரின் முகம் கதகதப்பாக இருக்கும். ஊர் 1600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் புற ஊதாவும் கூடுதல். ஆயிரம் மீட்டர் ஏறினால் பத்து சதவீதம் போலக் கூடுகிறது, பனித்தரை அதைத் திருப்பி அடிப்பது போதாதென்று. மழை படும் பக்கத்தில் கதை வேறு. கரைந்த துண்டுகளை மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது; லிக்னின் போய் வெளிறிய செல்லுலோஸ் நார் மட்டும் மேலே மிஞ்சுகிறது. அந்த ஈரத்தில் ஆரியோபாசிடியம் என்ற கருநிறப் பூஞ்சை குடியேறி, உடைந்த லிக்னின் துண்டுகளையே தின்று வளர்ந்து சாம்பல் நிறத்தைக் கூட்டுகிறது. சுடும் வெயிலில் காய்ந்த சுவரில் அதற்கு வாழ்வில்லை.

சூட்டின் மிகப் பெரிய பங்கு இப்படிச் சுற்றுவழியில் வருவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அரீனியஸ் கணக்கில் அது 1.3 மடங்கு. ஆனால் எவ்வளவு நேரம் மரம் ஈரமாக இருக்கும், எத்தனை முறை உப்பிச் சுருங்கி வெடிக்கும், பூஞ்சை வருமா வராதா, உடைந்தது தங்குமா கழுவப்படுமா என்பதையெல்லாம் மரத்தின் வெப்பநிலை தொட்டுக்கொண்டே இருக்கிறது. வெடிப்பு விழுந்தால் அதுவரை ஒளி படாத புதுமுகம் வெளியே வருகிறது. 75 மைக்ரான் எல்லை அங்கிருந்து மறுபடி தொடங்குகிறது.

எல்லாம் சேர்ந்தும் மரம் மெதுவாகத்தான் தேய்கிறது. அமெரிக்காவின் மேடிசனில் 1910-இல் தொடங்கிய வனப்பொருள் ஆய்வகம் இதைப் பல்லாண்டுகள் அளந்திருக்கிறது. மிதமான தட்பவெப்பத்தில் ஊசியிலை மரம் நூறு ஆண்டில் சுமார் 6 மில்லிமீட்டர் தேயும். அடர்த்தி மிகுந்த அகலிலை மரம் 3 மில்லிமீட்டர். எடை குறைந்த மேற்குச் செந்தேவதாரு 12 மில்லிமீட்டர். ஆண்டு வளையத்தில் இளவேனிலில் வளர்ந்த மெல்லிய பகுதி முதலில் போய்விடுவதால் பலகை வரிவரியாகப் பள்ளம் விழும். அதுவும் மழை கழுவிக் காற்று உரசினால்தான். வெறும் ஒளி பொருளைத் தளர்த்திவிடுமே தவிர அப்புறப்படுத்தாது.

குளிரான இடம் மரத்தைக் காக்குமா? அன்டார்டிகாவின் கேப் எவன்ஸில் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவினர் 1911-இல் கட்டிய குடில் இன்றும் நிற்கிறது. வெளிப்பலகைகளில் சில இடங்கள் பஞ்சுபோலச் சிலிர்த்திருந்தன. புற ஊதா மிகுந்த இடம், கோடையில் இருபத்துநான்கு மணி நேரமும் சூரியன். ஒளியின் வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிளான்செட்டும் சக ஆய்வாளர்களும் உற்றுப் பார்த்து, கடற்காற்று கொண்டுவந்து சேர்த்த உப்பு மரத்துக்குள் செறிந்து இடை அடுக்கின் லிக்னினைக் கரைத்ததுதான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். மண்ணைத் தொட்ட அடிமரத்தில் குளிர் தாங்கும் பூஞ்சைகளும் இருந்தன. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் பஞ்சு இழைக்குப் பின்னால் ஒளியும் இருக்கலாம், உப்பும் இருக்கலாம். வெயில்பட்ட மரம் என்றாலே புற ஊதாவின் தலையில் பழியைப் போடுகிறவர்களுக்கு இந்தக் குடில் நல்ல பாடம்.

தொழிற்சாலைகளுக்கு நூறு ஆண்டு காத்திருக்க நேரமில்லை. அதனால் மரப்பூச்சுகளைச் சோதனைப் பெட்டிக்குள் போட்டு அவசரப்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் 8 மணி நேரம் 60 டிகிரியில் புற ஊதா, 4 மணி நேரம் 50 டிகிரியில் இருட்டில் நீராவி ஒடுங்கல். இது மாறிமாறி நடக்கும். ஐரோப்பிய முறையில் பன்னிரண்டு வாரம், அதாவது 2016 மணி நேரம் ஓடும். அங்கேயும் ஒளியின்போது 60 டிகிரிதான். இரண்டு பூச்சுகளில் எது மேல் என்று ஒப்பிட இவை நல்ல கருவிகள். பெட்டிக்குள் இத்தனை மணி நேரம் என்றால் வெளியே இத்தனை வருடம் என்று யாராவது அட்டையில் அச்சடித்தால் நம்ப வேண்டாம். 60 டிகிரியில் ஹைட்ரோபெராக்சைடு உடையும் வேகம் ஒன்று, 25 டிகிரியில் வேறொன்று. ஒளியின் வேலையும் சூட்டின் வேலையும் ஒரே மடங்கில் பெருகுவதில்லை, ஒன்று 1.3-ஆல் கூடும் இடத்தில் மற்றது 3.7-ஆல் கூடும். வேகத்தைக் கூட்டும்போது வினைகளின் விகிதமே மாறிவிடுகிறது. பூச்சுத் தொழிலில் இருப்பவர்கள் வெட்டவெளிச் சோதனைக்கு ஃபுளோரிடாவையும் அரிசோனாவையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருப்பது இதை அறிந்துதான். இரண்டும் வெயில் கொளுத்தும் இடங்கள். ஒன்று ஈரம், மற்றது வறட்சி. ஒன்றில் தேறிய பூச்சு மற்றதில் தோற்கும்.

நம் வாசற்கதவுக்கு வரலாம். இழைத்த தேக்கின் அழகு தெரிய வேண்டும் என்று நிறமில்லாத வார்னிஷ் அடிக்கிறோம். அது ஒளியை உள்ளே விடுகிறது. வார்னிஷ் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு அடியில் லிக்னின் போய்விடும். ஒருநாள் படலம் செதில் செதிலாக உரியும்போது அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், மர இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிடி விட்டது வார்னிஷ் அல்ல, மரம். சரி, கருநிறம் அடிக்கலாமா என்றால், இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த பூச்சு ஒளியைத் தடுத்துவிடும், ஆனால் மேற்கு பார்த்த கதவு அறுபது எழுபது டிகிரிக்குச் சூடாகும். பலகை சுருங்கும், இணைப்பு விடும், பிசின் கசியும். ஒளியைத் தடுப்பதற்கும் சூட்டைத் தடுப்பதற்கும் நடுவில் ஒரு பேரம் பேசித்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால் வெளிர்நிறத்தில் நிறமி உள்ள பூச்சையும் ஒரு நல்ல தாழ்வாரத்தையும் சொல்வேன். தாழ்வாரம் ஒளி, சூடு, மழை மூன்றையும் ஒரே நேரத்தில் குறைக்கிறது. எந்த டப்பாவிலும் அது கிடைக்காது.

ஒளி செய்வதெல்லாம் கெடுதல் என்றும் இல்லை. புதிதாக இழைத்த தேக்கில் பச்சையும் கருப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். சில நாள் வெளிச்சம் பட்டால் நிறம் ஒன்றாகிப் பொன்பழுப்பு வரும். அதற்காகவே உடனே பாலிஷ் போடாமல் காத்திருக்கும் ஆசாரிகள் உண்டு. அங்கே மாறுவது முக்கியமாக மரத்தின் சாறுப்பொருள்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் ரப்பர் மரத்துக்கு அந்த வசதி இல்லை. சாறுப்பொருள் குறைந்த வெளிர்மரமாதலால் ஒளி பட்டதும் மஞ்சளாகிவிடுகிறது. பெங்களூரின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கே.கே. பாண்டே செனான் விளக்கில் ரப்பர் மரத்தையும் பிற மரங்களையும் வைத்து நிறமாலையில் படித்திருக்கிறார். அந்த விளக்கின்கீழ் லிக்னினின் முகடு தேயத் தொடங்க நாள்கணக்கு வேண்டியதில்லை, மணிக்கணக்கே போதும்.

சூட்டை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் என்ன என்று ஃபின்லாந்தில் யோசித்தார்கள். 1990-களில் அங்கே வளர்ந்த முறையில் மரத்தை நீராவிக்குள் 212 டிகிரி வரை ஏற்றி வேக வைக்கிறார்கள். நீரை விரும்பும் அரைச்செல்லுலோஸ் சிதைந்துவிடுவதால் பலகை உப்புவதும் சுருங்குவதும் குறைகிறது, மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கும் பிடிப்பதில்லை. நிறமோ முழுத் தடிமனிலும் அழகான கரும்பழுப்பு, செர்மாட் சுவர் நூறாண்டில் எட்டியதை ஓரிரு நாளில் எட்டிவிடுகிறது. ஆனால் வெளியே வைத்து மழையும் வெயிலும் பட விட்டால் ஓரிரு ஆண்டில் மேற்பரப்பு சாம்பலாகிவிடுகிறது. 212 டிகிரியைத் தாங்கி நின்ற லிக்னின் 300 நானோமீட்டரைத் தாங்குவதில்லை. அதை விற்பவர்களே நிறமி கலந்த எண்ணெய் பூசச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.